முன் அனுமதி தேவைப்படாத தலைப்பு

சண்டை என்ன கல்யாணமா, பத்திரிகை அடித்து நாள் குறித்துவிட்டு வர? அது வருகிறபோது வரும். வருஷ ஆரம்பத்தில் போட்ட பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு பைசா இருக்காது. ஆனால் ஆட்கள் மலையேறியாக வேண்டும், லாரிக்கு டீசல் வேண்டும், ஏறியவர்கள் வயிற்றுக்குச் சாப்பாடு வேண்டும். அந்தச் செலவுக்கெல்லாம் ஏதாவது ஒரு பெயர் வைத்து, காசு இருக்கிற ஏதாவது ஒரு கணக்குத் தலைப்பில் எழுதுவதுதான் எங்கள் பிரிவின் வேலை. ராணுவ நிதி அலுவலகம், மூன்றாவது மாடி. சாப்பாடு, எரிபொருள், ஹெலிகாப்டர் பறக்கும் மணிக்கணக்கு எல்லாம் எங்களிடம்தான். நான் அங்கே கண்காணிப்பாளர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். மரியாதைக்காகக் கொஞ்சம் என்கிறார்கள்.

அந்த வருஷம் குளிர் தொடங்குகிற நேரத்தில் எதிர்த்தரப்பு எல்லையில் ஒரு மலைமுகட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. நம்மவர்களை அவசரமாகப் பக்கத்து முகட்டுக்கு ஏற்றினார்கள். கூடுதல் பணம் வேண்டுமென்றால் மக்கள் சபையில் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொல்ல மேலே யாருக்கும் மனமில்லை. ஐந்தாவது மாடியில் பெரியவர்கள் கூடி, டீ குடித்து, பிஸ்கெட் தின்று, கடைசியில் அதற்குக் 'குளிர்காலப் பயிற்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயிற்சித் தலைப்பில் அப்போது பணம் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பயிற்சிக்கு முடிவுத் தேதி உண்டு. அன்றோடு தலைப்பு மூடிக்கொள்ளும், மிச்சப் பணம் கருவூலத்துக்குத் திரும்பிவிடும். எதிரி நம் தேதியைப் பார்த்தா கீழே இறங்கப் போகிறான்? இதை எங்கள் துணை இயக்குநரிடம் அன்றைக்கே சொன்னேன். அவருக்கு அலுவலகத்தில் 'ஆகட்டும்' என்றுதான் பெயர். எதைச் சொன்னாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார், பார்க்க மாட்டார். அன்றைக்கும் ஆகட்டும் என்றார்.

மேலே போனவர்களில் என் தம்பியும் இருந்தான். அம்மா அப்பா அடுத்தடுத்துப் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். கையைப் பிடித்து எழுத்து பழக்கியதும் நான்தான். இன்றைக்கும் அவன் கையெழுத்தைப் பார்த்தால் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம் வரும். வங்கி வேலைக்குப் போடா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தேன். எனக்கு நடக்கவில்லை, அதில் யாருக்கு லாபம் என்று இதுவரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தம்பி பெண்டாட்டியும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம்.

மாதம் முடிந்தது. பயிற்சித் தலைப்பை மூடினார்கள். எல்லாப் பிரிவுகளும் ஒழுங்காக ஆணை அனுப்பின: ஆட்கள் முகாமுக்குத் திரும்பியாயிற்று, மலைப்படிக் காசு நிறுத்தம், மலை ரேஷன் நிறுத்தம், இனி முகாமில் சாதாரணச் சாப்பாடு. பெரும்பாலானவர்கள் நிஜமாகவே இறங்கியும் விட்டார்கள். தம்பியிடமிருந்து போன் வரவில்லை. கீழே வந்ததும் தூங்கித் தொலைக்கிறான் என்று நான் வீட்டில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அவன் பெண்டாட்டி மட்டும் திட்டவில்லை. இறங்கியிருந்தால் இப்படி இருக்க மாட்டாரே அண்ணி என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்கு அது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் முகாமின் சாப்பாட்டுக் கிடங்குக்காரர். ஒரு திங்கட்கிழமை காலை போனில் கூப்பிட்டார். ஒன்பது பேருக்கு ரொட்டியும் முட்டையும் பால்பவுடரும் தினமும் வந்து இறங்குகிறதாம், தின்ன ஆள் வரவில்லையாம். முட்டை நாறுகிறது, யார் பெயரில் திருப்பி எழுதுவது என்று கேட்டார். ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க இன்னும் மேலதான் மேடம் இருக்காங்க. காகிதத்துலதான் எறங்கிட்டாங்க" என்றார்.

அந்த ஒன்பது பேரின் படை எண்களைப் படிக்கச் சொன்னேன். ஐந்தாவதாக வந்தது என் தம்பியின் எண்.

ஆகட்டுமின் அறைக்குள் நான் கதவைத் தட்டாமல் நுழைந்தது அன்றைக்குத்தான். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த ஒன்பது பேர் கீழே வந்துவிட்டால் முகட்டை எதிரி பிடித்துக்கொள்வான் என்று தளபதி அவர்களை மட்டும் நிறுத்திவைத்தாராம். பிறகு பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது. முகட்டை விட்டு வந்தாலும் பரவாயில்லை, இறக்கிவிடுங்கள் என்று இப்போது தளபதியே சொல்லிவிட்டார். மேலே உணவு தீர்ந்துவிட்டது. கம்பியில்லாத் தந்தி பார்க்கிறவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறது. ஹெலிகாப்டர் கேட்டுத் தகவல் வந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் கையைப் பிசைந்தார்.

ஹெலிகாப்டர் சும்மா நிற்கிறது. ஓட்ட ஆள் இருக்கிறது, எரிபொருளும் இருக்கிறது. அந்தப் பறப்பை எழுதத் தலைப்புதான் இல்லை. தலைப்பு எண் போடாத கோரிக்கையைப் பறப்பு அலுவலகம் வாங்காது. அந்தச் சட்டத்தை அவர்களுக்குப் போட்டுக் கொடுத்ததும் எங்கள் பிரிவுதான். பயிற்சித் தலைப்பை மூடியாயிற்று. புதிதாகத் திறக்க நிதிக்குழு கூட வேண்டும், குழு அடுத்த வாரம்தான் கூடும். மருத்துவப் பிரிவின் தலைப்பில் கேட்டுப் பார்க்கலாமே என்று நானே அந்த மாடிக்கு ஓடினேன். அங்கே ஒரு மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆவணத்தைப் படித்தார். நோயாளி இருக்கும் இடம்: முகாம். முகாமிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தானே மேடம், இதற்கு எதற்கு ஹெலிகாப்டர், ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றார். அனுப்பியும் விட்டார். அது முகாம் வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டடத்தையே கொளுத்தியிருப்பேன். கொளுத்தவும் ஒரு தலைப்பு கேட்பார்கள்.

என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இருக்கிற தலைப்புகளையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். இருபது வருஷமாக அதுதானே பிழைப்பு. முன் அனுமதி இல்லாமல், எங்கிருந்து என்று கேட்காமல், செலவை முதலில் செய்துவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளக்கூடிய தலைப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இறந்தோர் உடலைக் கொண்டுவருதல். முன்பு ஒரு தடவை உடல்கள் மலையிலேயே கிடந்து, குடும்பங்கள் தெருவில் உட்கார்ந்து, பெரிய ரகளையாகி, அதற்குப் பிறகு அந்த ஒரு தலைப்பை மட்டும் தாராளமாக வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் ஆயிரம் கேள்வி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஒன்பது பேரும் இறந்துவிட்டதாகப் பட்டியல் எழுதி ஆகட்டுமின் மேஜையில் வைத்தேன். இறந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டிருந்தேன். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"பொய்ச் சான்றும்மா இது. வேலை போயிடும்."

"பயிற்சின்னு எழுதினது மட்டும் நெசமா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஆகட்டும் என்றார், கையெழுத்தும் போட்டார். அந்த மனிதரை எத்தனையோ திட்டியிருக்கிறேன். அந்தக் கையெழுத்துக்காக அதில் பாதியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தம்பி எண் வந்தது. இதை எழுதினால்தான்டா நீ வருவாய் என்று அவனை மனசுக்குள் அதட்டிக்கொண்டே எழுதினேன்.

வானம் பளிச்சென்று இருந்தது. மத்தியானத்துக்குள் ஹெலிகாப்டர் கிளம்பிவிடும் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. பறப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே எடுத்த பையன் பாவம், மரியாதையானவன். அவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறதாம்: முதலில் காயம்பட்டவர்கள், அப்புறம் அதிகாரிகள், அப்புறம் சாமான், கடைசியில் உடல்கள். அன்றைக்கு மிச்சப் பொழுது சாமானுக்குப் போகிறதாம், புதன்கிழமை முழுவதும் ஒரு பார்வையாளர் குழுவை எல்லையைச் சுற்றிக் காட்டக் கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை கட்டாயம் போய்விடும் என்றான். கொஞ்சம் சீக்கிரம் பார்க்கக் கூடாதா என்று கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் கெஞ்சியது குறைவு.

"உங்க துக்கம் புரியுது மேடம். ஆனா இறந்தவங்களுக்கு அவசரம் இல்லையே. அந்தக் குளிர்ல உடம்பு ஒண்ணும் ஆகாது" என்றான்.

உயிரோடு இருக்கிறார்கள் என்றால் ஹெலிகாப்டர் போகாது. செத்துவிட்டார்கள் என்றால் மெதுவாகப் போகும். போனை வைத்தேன்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவன் இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது, உடனே வாங்க என்று. போய்ப் பார்த்தால் தம்பி பெண்டாட்டி சமையலறைத் தரையில் கிடக்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்து கிடக்கிறது. உடல் தலைப்பில் ஒரு பட்டியல் போட்டால் அதன் நகல் தானாகக் குடும்ப நலப் பிரிவுக்குப் போகும். அவர்கள் ஒன்பது வீட்டுக்கும் போன் செய்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசாங்கத்துக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. எனக்கு அது தெரியாதா? தெரியும். நினைப்பு வரவில்லை. ஹெலிகாப்டரைத் தவிர எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அவளைத் தூக்கி உட்கார வைத்து, சாகவில்லைடி, நான்தான் எழுதினேன், அவனை வரவழைக்க எழுதினேன் என்று காதுக்குள் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் தோளில் ஓங்கி அடித்தாள். அப்புறம் அதே தோளில் சாய்ந்து அழுதாள். வெளியே சொன்னால் ஹெலிகாப்டர் நின்றுவிடும் என்று அவளுக்கும் புரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற எட்டு வீட்டுப் பெண்களுக்கும் இப்படிக் காதுக்குள் சொல்ல ஆள் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெலிகாப்டர் போனது. விதிப்படி ஒன்பது சவப்பெட்டிகளோடு போனது. எட்டுப் பேர் உயிரோடு வந்தார்கள். எப்படிச் செத்தவர்கள் பிழைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் கேள்வியாகும். எட்டு வீட்டுக்கும் நலப் பிரிவு மறுபடி போன் போட்டு, தகவலில் சிறு பிழை, வருந்துகிறோம் என்றது. ஒன்பதாவது வீட்டுக்கு மட்டும் போன் போகவில்லை. அங்கே திருத்த ஒன்றும் இல்லை. நான் எழுதிய ஒன்பது பொய்யில் ஒன்று பலித்துவிட்டது.

அது கம்பியில்லாத் தந்தி பார்த்தவர். மேலே அவரைப் பாட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்களாம். கருவியைச் சோதிக்கிறபோது ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லாமல் ஒரு வரி பாடுவாராம்.

தம்பிக்கு இரண்டு காலிலும் பனியில் கருகிப்போன விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அவன் படுத்திருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்ததாம். என் பட்டியலைப் படியெடுத்து, கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள்.

"என் எண்ணைப் பாத்தேன்க்கா. எழுத்தைப் பாத்ததும் உன்னோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. அக்கா எழுதியிருக்கான்னா ஏதோ காரணம் இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றான்.

நான் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றான். பாட்டுக்காரரின் தேதி. அவர் செவ்வாய்க்கிழமை இறந்ததாகச் சான்றிதழ் போயிருந்தது.

"செவ்வாக்கிழமை செத்தவரா புதன்கிழமை எனக்குப் பனியை உருக்கித் தண்ணி குடுத்தாரு? மூச்சு விட முடியாம கெடந்து குடுத்தாருக்கா. அந்த நாளை அவருக்கு இல்லேன்னு எழுத நாம யாரு?" என்று கேட்டான். வியாழக்கிழமை விடிந்த பிறகுதான் அவர் போனார். அவர் போன பிறகு வெயில் நன்றாக ஏறித்தான் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதாம்.

ஆகட்டுமிடம் போனேன். ஒரு தேதியைத் தொட்டால் ஒன்பதும் அவிழும் என்றார். வியாழக்கிழமை இறந்தவருக்குச் செவ்வாய்க்கிழமையே எப்படிப் பட்டியல் போட்டீர்கள் என்று தணிக்கை கேட்கும். பயிற்சி முடிந்த பிறகு மலையில் எப்படி இறந்தார் என்று கேட்கும். விட்டுவிடும்மா, போனவர் திரும்பவா போகிறார், அந்தப் பெண்ணுக்கு வரவேண்டியதெல்லாம் எந்தத் தேதி போட்டாலும் வரும் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி என்னிடம் வேறு எதையுமே கேட்கவில்லையே. திருத்தக் குறிப்பை எழுதி, நான் ஒருத்தியே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

அதற்கான கூலி சீக்கிரமே வந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம்; பிறகு பதவியிறக்கம்; உயிருடன் இருந்தவர்களை உடல் தலைப்பில் ஏற்றிய செலவை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க உத்தரவு. அந்தக் கடன் என் பேரன் காலத்தில் தீரும். எனக்குப் பேரன் இல்லை என்பது அவர்கள் கவலை. முகட்டுக்கு ஆளனுப்பியதைப் பற்றி யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷ பட்ஜெட்டில் பயிற்சித் தலைப்பு அப்படியே இருக்க, உடல் தலைப்புக்கு மட்டும் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள், நல்ல பயன்பாடு என்று குறிப்பெழுதி.

ஆனால் தேதி திருத்தப்பட்டது. புதிய சான்றிதழ் அந்த வீட்டுக்குப் போனது. வேலையில் என்னை மூலையில் ஒரு மேஜைக்குத் தள்ளியிருந்தார்கள். இருந்தும் நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட தெம்பில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைப்பானேன்.

ஒரு நாள் காலை அந்தப் பெண் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். பாட்டுக்காரரின் மனைவி என்று சொல்லிக்கொண்டாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கும்மா என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் பைக்குள்ளிருந்து இரண்டு சான்றிதழ்களையும் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மொதல்ல செவ்வாக்கிழமைன்னு சொன்னாங்க. சரி, அன்னைக்கே முடிஞ்சுபோச்சு, ரொம்பக் கஷ்டப்படலேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப வியாழக்கிழமைன்னு வந்திருக்கு. அப்ப, புதன்கிழமை எனக்குப் போன் பண்ணிச் சொன்னப்ப அவரு உயிரோடவா இருந்தாரு?"

ஆமாம் என்றேன்.

"நான் இங்க விழுந்து பொரண்டு அழுதுக்கிட்டு இருந்தப்ப, அவரு அங்க என்னங்க பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

என் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தார் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. எனக்கு நீளமான வாய் என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்கு அது உதவிக்கு வரவில்லை.

"ஹெலிகாப்டர் வரும்னு காத்துக்கிட்டு இருந்தாரும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முதல் சான்றிதழுக்கு ஆதாரமான பட்டியலை எழுதியது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். ஏன் எழுதினேன் என்பதையும், அதனாலேயே வரிசையில் கடைசிக்குப் போனதையும் ஒளிக்காமல் சொன்னேன். கத்துவாள், அறைவாள், இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. திருத்திய சான்றிதழை என் பக்கம் தள்ளினாள். பழைய சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இதுவே இருக்கட்டும்" என்றாள்.

கதவு வரைக்கும் போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்க தம்பி எப்படி இருக்காரு? நடக்கிறாரா?"

"பழகிக்கிட்டு இருக்கான்" என்றேன்.

நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தள்ளிவிட்டுப் போன காகிதம் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. எங்கே அனுப்புவதென்று எனக்குத் தெரியவில்லை.